பட்டுப்புடவைத் தட்டில் சுருட்டுப் பெட்டி

ஜூன் 3, திங்கள்

பேரிங் கம்பெனிக்காரன் புத்தாண்டுக்குக் கொடுத்த டைரி ஐந்து மாதமாக மேஜை டிராயரில் கிடந்தது. இன்று எடுத்தேன். ஷிப்ட் ரிப்போர்ட்டைத் தவிர வேறெதையும் எழுதிப் பழக்கமில்லாதவன் நான். ஆனால் சனிக்கிழமை நடந்ததை எங்கேயாவது கொட்டியாக வேண்டும். வீட்டில் சொன்னால் துளசிமணி, "அதெல்லாம் நமக்கெதுக்குங்க" என்பாள்.

எங்கள் பம்ப் கம்பெனியின் கெஸ்ட் ஹவுஸ் புல்தரையில் சனிக்கிழமை மாலை நான்கு பிரம்பு நாற்காலி போடுவார்கள். ஒன்று எம்.டி. நவநீத்துக்கு. ஒன்று சேல்ஸ் மேனேஜர் தினகருக்கு. ஒன்று ஆடிட்டருக்கு. நான்காவதுக்கு ஆள் மாறிக்கொண்டே இருக்கும். அங்கே உட்கார்ந்து கியூபா சுருட்டுப் பிடிப்பார்கள். சனிக்கிழமை புகையில் பேசியது திங்கட்கிழமை உத்தரவாகும். இருபத்தெட்டு வருடம் பவுண்டரியைக் கட்டி மேய்க்கும் எனக்கு அது செவ்வாய்க்கிழமை சர்க்குலராக வரும்.

சூலூரில் புது யூனிட் வருகிறது. அதற்கு ஒரு டைரக்டர் வேண்டும். செப்டம்பரில் போர்டு கூடி முடிவு செய்யும். பெரியவர், அதாவது நவநீத்தின் அப்பா, "சூலூர் வந்தா அது உனக்குத்தான் சென்னியப்பா" என்று என் தோளில் கை வைத்துச் சொன்னார். சொன்னவர் போன வருடம் போய்ச் சேர்ந்துவிட்டார். கேட்டுக்கொண்டிருந்தது அவர் வீட்டு நாய் மட்டும்.

இந்தச் சனிக்கிழமை முதல் முறையாக என்னைக் கூப்பிட்டார்கள். நவநீத் ஒரு சுருட்டை நீட்டினார். பீடி மாதிரி இழுத்து உள்ளே விட்டேன். அப்புறம் ஐந்து நிமிடம் இருமினேன். கண்ணில் தண்ணீர். தினகர், "மேனேஜருக்குத் தண்ணி குடுங்கப்பா" என்று சிரித்தான். ஏழு வயதில் என் ஸ்கூட்டரின் முன்னால் நின்றுகொண்டு "மாமா, வேகமா" என்று கத்திய நவநீத் இப்போது, "பரவாயில்ல மிஸ்டர் சென்னியப்பன், வேணும்னா மெதுவா கத்துக்கலாம்" என்றார். தம்பி என்று வாய் வரை வந்ததை விழுங்கிவிட்டு, "சரிங்க சார்" என்றேன்.

கத்துக்கலாம் என்றால் என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியாதா? ஐம்பத்து நான்கு வயதில் கற்றுக்கொள்ளத்தான் போகிறேன்.

ஜூன் 8, சனி

ரேஸ்கோர்ஸ் பக்கத்தில் ஒரு கடை. உள்ளே கண்ணாடி அறை, அதற்குள் இன்னொரு கண்ணாடி அறை. நஸ்ரின் என்று ஒரு பெண் நிற்கிறாள். முப்பது வயதிருக்கும். எடுத்தவுடனே கொஹீபா கொடு என்றேன். அந்த ஒரு பெயர்தான் எனக்குத் தெரியும்.

"அது இப்ப வேண்டாம் சார். அருமை தெரியாம கருகிப்போயிடும்" என்றாள். பிறகு, "காப்பி எப்படிக் குடிப்பீங்க?" என்று கேட்டாள்.

"டிகிரி காப்பி. சர்க்கரை தூக்கலா."

"அப்ப உங்களுக்குக் காரமா ஆரம்பிச்சா ஆகாது" என்று மூன்றை எடுத்து வைத்தாள். முதலில் ஹோயோ டி மான்டெரே, பால் விட்டது போல இருக்குமாம். அடுத்து எச். அப்மன், சின்னது. அதற்கடுத்து ரோமியோ. இவை பழகிய பின் மான்டேகிறிஸ்டோ நான்காம் நம்பர். பார்ட்டகாஸ், பொலிவார் எல்லாம் மூன்று மாதம் கழித்து வாங்கிக்கொள்ளுங்கள் என்றாள். விற்பவளே வாங்காதே என்று சொல்லும் கடையை இங்கேதான் பார்க்கிறேன்.

புகையை வாயோடு நிறுத்த வேண்டும். நிமிடத்துக்கு ஒரு இழுப்பு. வெறும் வயிற்றில் கூடாது. தலைப்பக்கத்துத் தொப்பியை மட்டும் நறுக்க வேண்டும், கழுத்தை அல்ல. நசுக்கி அணைக்கக் கூடாது, அதுவாக அணையட்டும். ஒரு சுருட்டை மூன்று பாகமாகப் பார்க்க வேண்டும். மூன்றாம் பாகம் எதுவானாலும் கசக்கும். "ஒவ்வொண்ணும் பிடிச்சதும் ஒரு நோட்டில எழுதுங்க சார். பத்து முடியறப்ப உங்க சுருட்டு எதுன்னு உங்களுக்கே தெரியும்" என்றாள்.

ஆக, இந்த டைரிக்கு ஒரு வேலை கிடைத்தது.

ஜூன் 9, ஞாயிறு

ஹோயோ. மொட்டை மாடியில் பிடிக்கலாம் என்றால் பக்கத்து வீட்டிலிருந்து துளசியின் அண்ணன் பார்ப்பார். பிராந்தி என்றால் ஒன்றும் சொல்ல மாட்டார், அவரே ஊற்றிக் கொடுப்பார். சுருட்டு என்றால் ஊர் முழுக்க, "மாப்பிள்ளைக்கு என்னமோ ஆச்சு" என்று சொல்லிவிடுவார். அதனால் படுக்கையறைக் கதவு, ஜன்னல் எல்லாம் சாத்தி, ஏ.சி. போட்டுக்கொண்டேன்.

முதல் பாகம்: காய்ந்த வைக்கோல். இரண்டாம் பாகம்: வறுத்த கொள்ளு, கொஞ்சம் பால் வாசம். மூன்றாம் பாகம்: தெரியாது, குளியலறையில் வாந்தி எடுத்துக்கொண்டிருந்தேன்.

துளசி கருப்பட்டிக் காப்பி கொண்டுவந்தாள். "சக்கரை கொறஞ்சா மாதிரி ஆயிருக்குங்க. குடிங்க" என்றாள். திட்டவில்லை. அவளிடம் சூலூர் விஷயத்தைச் சொல்லியிருக்கிறேன். "அந்தப் பதவி வேணும்னா இது வேணுமுங்களா?" என்று மட்டும் கேட்டாள். வேணும் என்றேன். தலையணை உறைகளை உருவித் துவைக்கப் போட்டுவிட்டாள்.

ஜூன் 15, சனி

அப்மன். நாற்பது நிமிடம், வாந்தி இல்லை. முந்திரித் தோல் வாசம். துளசிக்கு இருமல். பருவம் மாறுகிறது.

ஜூன் 22, சனி

நான்காவது நாற்காலி ஒரு மணி நேரம் எனக்கு.

தினகர் சுருட்டுப் பிடிப்பதைப் பார்த்தால் கோபம்தான் வருகிறது. பற்ற வைப்பதற்கு முன்பே காதோரம் உருட்டிக் கேட்கிறான், உள்ளே ரேடியோ பாடுகிற மாதிரி. "லெதர் நோட்ஸ், லேசா கோகோ" என்கிறான். அவன் பிறந்து வளர்ந்தது அன்னூரில். அங்கே கோகோ எங்கே முகர்ந்தான் என்று தெரியவில்லை.

நவநீத் என் பக்கம் திரும்பி, "உங்களுக்கு என்ன தெரியுது?" என்றார்.

"வறுத்த கொள்ளுங்க சார்."

தினகர் சிரிக்க வாயைத் திறந்தான். நவநீத் கண்ணை மூடி இன்னொரு இழுப்பு இழுத்தார். "கரெக்ட். கொள்ளேதான். எங்க பாட்டி வீட்டு அடுப்படி" என்றார். தினகர் திறந்த வாயைப் புகைக்குப் பயன்படுத்திக்கொண்டான்.

வீட்டுக்கு வரும் வழியில் காரில் தனியாகச் சிரித்தேன்.

ஜூலை 7, ஞாயிறு

மான்டேகிறிஸ்டோ நான்கு. நஸ்ரின் இதை முன்பே கொடுத்திருக்கலாம். முதல் பாகத்தில் காப்பிக்கொட்டை, இரண்டாவதில் மிளகு. ஒரு மணி நேரம் போனதே தெரியவில்லை. கசப்பு வந்ததும் வைத்துவிட்டேன், அதுவாக அணைந்தது.

துளசி இப்போது ஹாலில் படுக்கிறாள். ஏ.சி. ஒத்துக்கொள்ளவில்லை என்கிறாள். இத்தனை வருடம் ஒத்துக்கொண்டது. வயதாகிறது. மகள் மேகலா பிறந்தபோது அவளுக்கு மூச்சிழுப்பு வந்து, அப்புறம் நின்றுபோனது. அது அப்போது.

ஜூலை 13, சனி

மோட்டார்களை ஓட்டிச் சோதிக்கும் டெஸ்ட் பெட்டில் ஒன்று புகைந்துவிட்டது. நான் இரண்டடி தள்ளி நின்றிருந்தேன். வைண்டிங் வார்னிஷ் சுடும்போதே ஷெட்டின் மறுகோடியிலிருந்து மோப்பம் பிடித்து ஸ்விட்சை அணைக்கச் சொல்பவன் நான். பெரியவர் அதை விருந்தாளிகளிடம் பெருமையாகச் சொல்வார். இன்று ஃபிட்டர் மாராத்தாள்தான் ஓடிவந்து அணைத்தாள். "சாருக்கு ஜலதோசமுங்களா?" என்றாள். ஆமாம் என்றேன்.

ஜூலை 22, திங்கள்

துளசியை நெஞ்சு டாக்டரிடம் அழைத்துப்போனேன். ஒரு குழாயில் ஊதச் சொன்னார்கள். மூன்று முறை ஊதினாள். மூன்று முறையும் நர்ஸ், "இன்னும் நல்லா ஊதுங்கம்மா" என்றாள்.

டாக்டர் பேப்பரைப் பார்த்துவிட்டு, "வீட்டில யாராவது ஸ்மோக் பண்றாங்களா?" என்று கேட்டார்.

நான் சுவரில் இருந்த நுரையீரல் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"இல்லீங்க. யாருமில்லீங்க" என்றாள் துளசி.

"விறகு அடுப்பு, கொசுவத்தி?"

"கொசுவத்தி வெப்பமுங்க."

கொசுவத்தி வேண்டாம் என்று சொல்லி வாயில் வைத்து உறிஞ்சும் பப் ஒன்று எழுதிக் கொடுத்தார். வெளியே பதினைந்து பேர் காத்திருந்தார்கள். எங்களோடு உட்கார்ந்து விவரம் பேச அவருக்கும் நேரமில்லை. காரில் ஏறியதும் துளசி, "பத்தியச் சாப்பாடுன்னு ஏதும் சொல்லலீங்களே" என்றாள். நான் எஃப்.எம். போட்டேன்.

இனி ஞாயிற்றுக்கிழமை மட்டும் பிடிப்பதாக வைத்துக்கொள்ளலாம். சனி கணக்கில் வராது, அது ஆபீஸ்.

ஆகஸ்ட் 3, சனி

ஆடிப் பதினெட்டு. துளசி மஞ்சள் கயிறு மாற்றிக்கொண்டாள். நான் கடைக்குப் போனேன்.

மாதக் கடைசியில் கெஸ்ட் ஹவுஸில் குடும்பத்தோடு விருந்து. போர்டு கூடுவதற்கு முன் அதுதான் கடைசிக் கூட்டம். நவநீத்துக்கு நான் ஒரு பெட்டி கொடுக்க வேண்டும், அதுவும் தினகரால் குறை சொல்ல முடியாத பெட்டியாக. நஸ்ரின் மான்டேகிறிஸ்டோதான் சொன்னாள்: "அது உங்க கையோட சுருட்டு சார். உங்களுக்குப் பிடிச்சதைக் குடுத்தா அவருக்கும் பிடிக்கும்." எனக்குப் பிடித்தது யாருக்கு வேண்டும். நவநீத்துக்குக் காரம் பிடிக்கும். பார்ட்டகாஸ் டி நான்கு, பத்து உள்ள பெட்டி. அதையே எடுத்தேன்.

அவள் இரண்டு விஷயம் சொல்லி அனுப்பினாள். ஒன்று, சூடு பட்டால் புகையிலைக்குள் பூச்சி பிறந்து ஊசி போட்ட மாதிரி துளைத்துவிடும். குளிர்ந்த இடத்தில் வைக்க வேண்டும், ஆனால் ஃபிரிட்ஜ் ஆகாது. இரண்டு, பக்கத்தில் எந்த வாசனைப் பொருளும் இருக்கக் கூடாது. சோப்பு, சென்ட், கற்பூரம் எதுவும். சுருட்டு எல்லாவற்றையும் குடித்துவிடும். திரும்பத் திரும்பச் சொன்னாள்.

ஆகஸ்ட் 4, ஞாயிறு

வீட்டில் குளிர்ந்த இடம் என்றால் இரும்பு பீரோதான். துளசி தன் பட்டுப்புடவைத் தட்டில் பாதியைக் காலி செய்து பெட்டியை வைத்தாள். வெள்ளைத் துண்டில் சுற்றித்தான் வைத்தாள், கல்யாணப் புடவையை வைப்பது போல.

"பூச்சி வந்துடும், ஜாக்கிரதை" என்று சொன்னேன்.

"அத நான் பாத்துக்கறனுங்க. இருவத்தேழு வருசமா என்ற பட்டுல ஒரு ஓட்டை விழுந்திருக்குதா?" என்றாள். நெடுநாள் கழித்து அவள் முகத்தில் சிரிப்பு.

ஆகஸ்ட் 18, ஞாயிறு

நேற்று மாலை துளசிக்கு மூச்சு இழுத்துக்கொண்டது. அவள் அண்ணன்தான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய், ஆவி மெஷின் வைத்து அழைத்து வந்திருக்கிறார். எனக்கு ஏழு முறை போன் செய்திருக்கிறார்கள். புல்தரையில் போனைச் சத்தமில்லாமல் வைப்பது அங்கே உள்ள முறை. ஒருவர் போன் அடித்தாலும் நவநீத்தின் முகம் மாறிவிடும்.

மச்சான் படுக்கையறை வாசலில் நின்று மூக்கை உறிஞ்சிவிட்டுப் போனார்.

ஆகஸ்ட் 25, ஞாயிறு

இன்று பிடிக்கவில்லை. பிடிக்காமல் இருக்க என்னால் முடியும் என்பதை எழுதி வைக்கிறேன்.

செப்டம்பர் 1, ஞாயிறு

நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

நேற்று மாலை ஐந்து மணிக்குப் பெட்டியை பீரோவிலிருந்து எடுத்தேன். மூடியைத் திறந்து முகர்ந்தேன். நல்ல புகையிலை வாசம் என்றுதான் தோன்றியது. துளசி அரக்குப் பட்டு கட்டிக்கொண்டாள். ஒவ்வொரு ஆயுத பூஜைக்கும் அதைத்தான் கட்டுவாள். பவுண்டரி உலைக்கு முதல் விளக்கு அவள்தான் ஏற்ற வேண்டும் என்பது பெரியவர் வைத்த வழக்கம். இருபது வருடமாக நடக்கிறது.

கெஸ்ட் ஹவுஸில் பெண்கள் வராந்தாவில் உட்கார்ந்தார்கள். பத்தடி தள்ளிப் புல்தரையில் நாங்கள். துளசி முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டு வராந்தாக் கடைசியில் இருந்தாள்.

பெட்டியை நீட்டினேன். நவநீத் பெயரைப் பார்த்து, "டி ஃபோர். நல்ல செலக்‌ஷன்" என்றார். எனக்கு சூலூர் யூனிட்டின் வாசலே கண்ணில் தெரிந்தது. ஒன்றை எடுத்து மூக்கருகில் கொண்டுபோனார். புருவம் உயர்ந்தது.

"என்ன இது, வித்தியாசமா இருக்கு?"

தினகரும் ஒன்றை எடுத்து முகர்ந்தான். "ஒரு மினரல் நோட் சார். கொஞ்சம் மெந்தால். நல்லா ஊறின பெட்டியில இப்படி வரும்" என்றான். ஆடிட்டர் தலையாட்டினார்.

நவநீத் பற்ற வைத்தார். இரண்டு இழுப்பு. மூன்றாவது வரவில்லை. எழுந்துபோய்ச் செடிக்குள் துப்பினார். திரும்பி வந்து பெட்டியைக் கவிழ்த்தார். சுருட்டுகளோடு அடிக்காகிதமும் விழுந்தது. அதன் கீழிருந்து நான்கு வெள்ளை உருண்டைகள் புல்லில் உருண்டன.

ஒன்றை எடுத்து விளக்கில் பிடித்துப் பார்த்தார். "அந்துருண்டை" என்றார்.

ஆடிட்டர்தான் முதலில் சிரிக்க ஆரம்பித்தார். தினகர் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு சிரித்தான், மெந்தால் நோட்டைச் சொன்ன அதே வாயால். நவநீத்துக்கு வயிற்றைப் பிடித்துக்கொள்ளும் அளவுக்குச் சிரிப்பு. என் காது எரிந்தது. ஏதாவது சொல்லியாக வேண்டும். சொன்னேன்.

"என் வீட்டம்மா வேலை சார். பட்டிக்காடு. எட்டாங் கிளாஸ் தாண்டல. புடவையும் சுருட்டும் அவளுக்கு ஒண்ணு. இதைக் கட்டிக்கிட்டு நான் படற பாடு எனக்குத்தான் தெரியும்."

சிரிப்பு இரண்டு மடங்கானது. பாரம் என் தலையிலிருந்து இறங்கியது போல இருந்தது. உண்மையைச் சொன்னால், அந்த நொடியில் எனக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது.

அப்புறம்தான் வராந்தாவில் பேச்சுச் சத்தமே இல்லாததைக் கவனித்தேன்.

சாப்பிடும்போது நவநீத்தின் மனைவி துளசிக்கு அருகில் உட்கார்ந்து தானே பரிமாறினாள். துளசி எல்லாவற்றுக்கும் போதும் போதும் என்றாள்.

கார் சிங்காநல்லூரைத் தாண்டியபோது துளசி, "வாசம் ஆகாதுன்னு கடைக்காரப் புள்ள சொல்லுச்சுங்களா?" என்று கேட்டாள்.

"இல்ல" என்றேன்.

"சொல்லியிருந்தா நான் வெச்சிருக்க மாட்டேன்" என்றாள்.

"சரி விடு. தெரியாமச் செஞ்சது. நான் மன்னிச்சுட்டேன்."

செப்டம்பர் 3, செவ்வாய்

பவுண்டரி வரைக்கும் வந்துவிட்டது. மோல்டிங் ஷெட்டில் யாரோ என் முதுகுக்குப் பின்னால், "உருண்டை வருது" என்றான். திரும்பினேன். எல்லோரும் மண்ணைக் குத்திக்கொண்டிருந்தார்கள். சூலூர் போச்சு. இருபத்தெட்டு வருடம் நான்கு உருண்டையில் போச்சு.

செப்டம்பர் 5, வியாழன்

துளசி மைசூருக்குப் போனாள், மகள் வீட்டுக்கு. அங்கே காற்று நல்லது, பத்து நாள் இருந்துவிட்டு வருகிறேன் என்றாள். மேகலாவே கார் எடுத்துக்கொண்டு வந்திருந்தாள். என்னிடம், "சாப்பிட்டீங்களாப்பா" என்று ஒரே ஒரு கேள்வி.

பத்து நாளுக்கு இரண்டு பெரிய பெட்டி எதற்கு என்றேன். "பொடி, ஊறுகாயெல்லாம் போட்டிருக்கனுங்க. மேகலாவுக்கு நேரமில்ல" என்றாள். படுக்கையறையைப் பெருக்கித் துடைத்து, மேஜைமேல் கிடந்த டைரி, கட்டர், லைட்டரையெல்லாம் அடுக்கி வைத்துவிட்டுத்தான் கிளம்பினாள். அவளுக்கு எப்போதும் எல்லாம் நேராக இருக்க வேண்டும்.

செப்டம்பர் 16, திங்கள்

நான் டைரக்டர்.

சனிக்கிழமை போர்டு கூடியது. இன்று காலை நவநீத் அறைக்குக் கூப்பிட்டுக் கையைக் குலுக்கினார். விருந்தன்று நடந்ததற்கு மன்னிப்புக் கேட்க ஆரம்பித்தேன்.

"அதுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?" என்றார். மேஜையிலிருந்து ஒரு பழைய கடித நோட்டை எடுத்துக் காட்டினார். பெரியவரின் கையெழுத்து. சூலூர் - சென்னியப்பன். கீழே கோடு. "மே மாசமே பார்த்தேன். அப்பா எழுதினதை நான் மாத்துவேனா? அதைச் சொல்லத்தான் அந்த ஜூன் முதல் சனிக்கிழமை உங்களை வரச் சொன்னேன். நீங்க இருமி, பேச்சே திசை மாறிடுச்சு. அப்புறம் போர்டு முடியட்டும்னு விட்டுட்டேன்."

"கத்துக்கச் சொன்னீங்களே சார்."

"வேணும்னா, அப்படின்னேன். உங்களுக்குப் பிடிக்குது போலிருக்குன்னு நினைச்சேன். வாரா வாரம் வந்தீங்களே." பிறகு சிரித்தார். "நானே விட்டுட்டேன். அந்த அந்துருண்டைக்கப்புறம் சுருட்டைப் பார்த்தாலே குமட்டுது. ஆன்ட்டிக்கு தேங்க்ஸ் சொல்லுங்க. என் ஒய்ஃப் ரொம்பச் சந்தோஷப்பட்டா."

புல்தரையில் நாற்காலிகளை எடுத்துவிட்டார்களாம்.

துளசிக்குப் போன் செய்து பதவி விஷயத்தைச் சொன்னேன். "சந்தோசமுங்க" என்றாள். மே மாதமே முடிவானதைச் சொல்லவில்லை. எப்போது வருகிறாய் என்றேன். மூச்சு இன்னும் கொஞ்சம் சரியாகட்டும் என்றாள்.

செப்டம்பர் 29, ஞாயிறு

பார்ட்டகாஸில் எட்டு மிச்சம். மொட்டை மாடியில் நிழலில் காய வைத்தேன். இன்று ஒன்றை ஹாலில் உட்கார்ந்து பிடித்தேன், ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு. திறந்தால் புகை நன்றாகவே வெளியே போகிறது. முன்பே திறந்திருக்கலாம்.

முதல் பாகம்: அந்துருண்டை. இரண்டாம் பாகம்: அந்துருண்டை. மூன்றாம் பாகம் வரை பிடித்தேன்.

அக்டோபர் 10, வியாழன்

நாளை ஆயுத பூஜை. எப்படியும் வந்துவிடுவாள் என்று நினைத்தேன். டைரக்டரின் மனைவி விளக்கேற்றுவதை எல்லோரும் பார்க்க வேண்டும். அரக்குப் பட்டுக்கு இஸ்திரி போட்டு வைக்கலாம் என்று மத்தியானம் பீரோவைத் திறந்தேன்.

தட்டு காலி. அரக்கு, பச்சை, கல்யாணக் கூறைப்புடவை எதுவுமில்லை. பத்து நாள் உடம்பு தேற்றிக்கொள்ளப் போகிறவள் கூறைப்புடவையை ஏன் கொண்டுபோனாள்? பெட்டி வைத்த இடத்தில் அந்த வெள்ளைத் துண்டு மட்டும் மடித்துக் கிடந்தது.

போன் செய்தேன்.

"நாளைக்கு உலைக்கு விளக்கு ஏத்தணும், துளசி."

"இங்க டாக்டரப் பாத்தமுங்க" என்றாள். அவள் குரல் தெளிவாக இருந்தது. இடையில் இழுப்பு இல்லை. "அவரும் கேட்டாரு, ஊட்டுல ஆராச்சும் பொகை பிடிக்கறாங்களான்னு."

"என்ன சொன்ன?"

"பிடிக்கறாங்கன்னு சொல்லிப்போட்டேன். அப்ப அந்த ஊட்டுக்குப் போகாதீங்கன்னாரு. செரீங்கன்னுட்டேன்."

"நான் விட்டுடறேன். இன்னிக்கே விட்டுடறேன்."

நானே தொடர்ந்தேன்.

"அன்னிக்கு நான் பேசினது கோவமா? நாலு பேர் முன்னால ஏதோ வாய் வந்துடுச்சு. அந்துருண்டை வெச்சது உன் தப்புதானே, அதுக்கு நான் ஏதாவது சொன்னேனா? மன்னிச்சுட்டேன்னு அப்பவே சொன்னேனே."

"ஆகஸ்ட் மூணாந் தேதி என்ன எழுதியிருக்கீங்கன்னு எடுத்துப் படிச்சுப் பாருங்க" என்றாள். "எட்டாங் கிளாஸ் படிச்சவளுக்கே வெளங்குச்சுங்க." வைத்துவிட்டாள்.

படித்தேன். பக்கத்தின் ஓரத்தில் ஒரு மஞ்சள் விரல் தடம். அவள் எதையும் கிழிக்கவில்லை, அடிக்கோடு போடவில்லை. படித்து, மூடி, லைட்டருக்கு நேராக அடுக்கி வைத்துவிட்டுப் போயிருக்கிறாள்.

இத்தனை வருடத்தில் அவளிடம் எத்தனையோ பொய் சொல்லியிருக்கிறேன். எதற்கும் அத்தாட்சி கிடையாது. இதற்கு மட்டும் நானே என் கையால் எழுதி, தேதி போட்டு, அவள் துடைக்கிற மேஜைமேல் வைத்திருந்தேன். எனக்கு அழுகை வருகிறது. துளசி, நான் உன்னை அன்றைக்கு விற்றுத்தான் நாற்காலியில் உட்கார்ந்தேன். அதுவும் ஏற்கெனவே என் பேரில் போட்டிருந்த நாற்காலி.

அக்டோபர் 11, வெள்ளி

ஆயுத பூஜை. உலைக்கு முதல் விளக்கை தினகரின் மனைவி ஏற்றினாள். அம்மா எங்கே என்று மாராத்தாள் கேட்டாள். மகளுக்கு உடம்பு சரியில்லை, பார்த்துக்கொள்ளப் போயிருக்கிறாள் என்றேன்.